சமப்படுத்திய இருபத்தாறு கேசட்டுகள்

கோவையில் கம்ப்ரசர் என்றால் காற்றடிக்கும் இயந்திரம் என்றுதான் அர்த்தம். அந்தத் தொண்ணூறுகளில் நான் ஒலிப்பதிவுக்கூடத்தின் கீழ்வாசலில் நின்று தபால் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பட்டறை லேத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, என்னங்க இது?"

"கம்ப்ரசர் கிட்டுங்க. நாமளே சேத்துக்க வேண்டியதுதான்."

அவர் அந்தப் பாலித்தீன் பையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "இத்துனூண்டுலயா? காத்து எங்கிருந்துங்க வரும்?"

இது குரலை அமுக்குகிற கம்ப்ரசர் என்று அவருக்குப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. சத்தம் கூடினால் தானே இறக்கும், குறைந்த சத்தத்தை மேலே தூக்கித் தரும் என்று சொன்னேன். "அப்பிடியா? எங்க ஊட்டுக்கு ஒண்ணு வேணுமுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒலிப்பதிவு பழகும் உங்களுக்கு இன்று கணினித் திரையில் சுட்டியால் ஒரு கோட்டை இழுத்தால் கம்ப்ரசர் வந்துவிடுகிறது. இழுத்தது தவறென்றால் ஒரு பொத்தானில் பழையபடி திரும்பிவிடலாம். எனக்கு அந்தப் பொத்தான் இல்லாதிருந்த நாளில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். பணி ஓய்வு பெற்றபின் எத்தனையோ பேர் என்னிடம் நல்ல பதிவுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கெட்டுப்போனதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் பதிவுக்கூடம். துணிக்கடை விளம்பரம், பக்திப் பாடல், பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடக வசனம் என்று வந்ததெல்லாம் செய்வோம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்து மூன்றாவது வருடம் எனக்கு. விலைக்கு வாங்கும் கம்ப்ரசர் எங்கள் முதலாளிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, "நானே செஞ்சுபோடறேனுங்க" என்று சொல்லி கிட் வரவழைத்தேன்.

அதன் உள்ளே வித்தை மிக எளிது. குரல் உயர்ந்தால் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். அதற்கு எதிரே ஒளியை உணரும் ஒரு வில்லை. விளக்கு எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு சத்தத்தை வில்லை குறைக்கும். நான்கு நாளில் சேர்த்து முடித்தேன். ஹெட்போனைக் காதில் வைத்தால் உர்ர் என்று ஒரு இரைச்சல். பற்றவைத்த இடங்களையெல்லாம் திரும்பப் பற்றவைத்தேன். மின்சாரம் கொடுக்கும் பகுதியைக் கழற்றி மாற்றினேன். இன்னும் மூன்று நாள் போயிற்று. ஒரு சாயங்காலம் வெறுத்துப்போய், ஹெட்போனைக் கழற்ற மறந்து, வீட்டுக்குக் கிளம்ப டியூப்லைட்டை அணைத்தேன். இரைச்சலும் அணைந்தது. வில்லை என் சிவப்பு விளக்கை மட்டுமல்ல, கூரையில் துடித்துக்கொண்டிருந்த டியூப்லைட்டையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இரண்டையும் சேர்த்து மூடினேன். அமைதி.

ஒரு கோளாறைத் தேடும்போது, பெட்டிக்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். இதை அன்று கற்றுக்கொண்டதாகத்தான் நினைத்தேன். உண்மையில் கற்றுக்கொள்ளவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு சிஸ்டர் எங்களைத் தேடி வந்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்காக அவர்களுடைய சபை ஒரு விடுதி நடத்தியது. அதில் பதினோரு பேர் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவிருந்தார்கள். வரலாறு, பொருளாதாரம் இரண்டு பாடப் புத்தகங்களையும் நான்கு தன்னார்வலர்கள் வாசித்து நாற்பது கேசட்டில் பதிந்திருந்தார்கள்.

"ஒவ்வொருத்தர் கொரலும் ஒவ்வொரு மாதிரி இருக்குது கண்ணு," என்றார் சிஸ்டர். "பவானிக்காரர் ஒருத்தர், பேங்குல வேலை. அவர் படிச்சா டேப்பே அதிருது. கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா. அவங்க பேசறது அவங்களுக்கே கேக்குமான்னு தெரியல. அவங்க ஊட்டுப் பக்கத்துல தறி வேற ஓடுது. புள்ளைங்க ஒரு கைய சத்தம் வெக்கற திருகுலயே வெச்சுட்டு உக்காந்திருக்குதுங்க. எல்லாத்தையும் ஒரே மட்டமா பண்ணிக் குடுக்க முடியுமா?"

என் கம்ப்ரசர் மேசைமேல் இருந்தது. முடியும் என்றேன்.

"எங்க டேப்பையெல்லாம் முதல்ல கேட்டுச் சொல்றதுக்கு ஒருத்தர் இருக்கார். மில்லுல டெலிபோன் ஆபரேட்டர். அவரும் கண்ணு தெரியாதவர்தான். செய்யறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து உங்களைப் பாக்கச் சொல்லட்டுமா?"

"எதுக்குங்க சிஸ்டர் அவருக்குச் சிரமம்? செஞ்சு முடிச்சுட்டு அனுப்பறேனுங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் ஆரம்பித்தது.

முதலாளி அந்த மாதம் மகள் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தார். கேட்க ஆளில்லை. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. கருமத்தம்பட்டி அம்மாவின் கேசட்டை ஓட்டி, கம்ப்ரசரின் திருகைக் கடைசிவரை திருப்பினேன். கேசட் பதியும் டெக்கில் சத்தத்தைக் காட்டும் முள் ஓர் இடத்தில் ஏறி அப்படியே நின்றது. பவானிக்காரரைப் போட்டேன். அதே இடம். முள் அசையவில்லை. கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. நான் காதால் கேட்கவில்லை என்றில்லை. கேட்டேன். ஆனால் முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

சிஸ்டர் நாற்பது புதுக் கேசட்டுகள் கொடுத்திருந்தார். சமப்படுத்திய ஒலியை முதலில் புதுக் கேசட்டில் பதிவேன். பிறகு அதையே பழைய கேசட்டின் மேலும் பதிவேன். ஒன்று சபையின் நூலகத்துக்கு, ஒன்று விடுதிக்கு. இரண்டு செட் கிடைத்துவிடும் என்பது என் கணக்கு. பழைய கேசட் ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தச் சிறு பிளாஸ்டிக் பல் உடைக்கப்பட்டிருந்தது. கேசட் பார்த்திராத உங்களில் சிலருக்காகச் சொல்கிறேன்: அந்தப் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாது. அழிக்காதே என்று அர்த்தம். ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். நான் செலோடேப்பை அளவாக வெட்டி வரிசையாக மேசை ஓரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினேன்.

இரண்டு வாரத்தில் இருபத்தாறு முடிந்தது. ஒரு செட்டைச் சிஸ்டரிடம் அனுப்பினேன்.

நான்காம் நாள் அந்த டெலிபோன் ஆபரேட்டர் வந்தார். டவுன் பஸ்ஸில் இறங்கி, மாடிப்படிகளை எண்ணி ஏறி, கதவில் ஒருமுறை தட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் மஞ்சள் பை, அதில் ஒரு சின்ன டேப்ரிக்கார்டர். தன் பெயரை எங்கேயும் எழுதவேண்டாம் என்று பிற்பாடு என்னிடம் கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கேயும் எழுதவில்லை.

"கேசட் தெளிவா இருக்குதுங்க," என்று ஆரம்பித்தார். "ஒரு வார்த்தை உடாம கேக்குது."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனா புள்ளைங்களால படிக்க முடியலீங்க."

பையிலிருந்து போன வருடத்துப் புவியியல் கேசட் ஒன்றை எடுத்துப் போட்டார். ஓடவிட்டு, ஓடும்போதே முன்னால் சுற்றும் விசையையும் சேர்த்து அழுத்தினார். குரல் கீச்கீச்சென்று ஓடியது. சட்டென்று ஒரு நொடி அமைதி. உடனே ஒரு பெரிய கீச். மறுபடி அமைதி. விரலை எடுத்தார். "பருவக்காற்றுகள்," என்றது கேசட்.

"இது தலைப்புங்க. படிக்கறவங்க தலைப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறுத்தி, தலைப்ப மட்டும் சத்தமா படிப்பாங்க. அப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்கோம். புள்ளைங்க சுத்திக்கிட்டே போயி வேணுங்கற எடத்துல நிப்பாட்டிக்கும். இப்ப உங்களுது."

என் கேசட்டைப் போட்டு அதேபோல் சுற்றினார். கீச்கீச்கீச்கீச். நிற்கவே இல்லை. குரல் ஓய்ந்த இடங்களில்கூட, என் கம்ப்ரசர் மேலே தூக்கிவைத்த மின்விசிறியும் தறியும் மூச்சும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு ஓடின.

"எனக்குப் பன்னண்டு வயசு வரைக்கும் பார்வை இருந்துதுங்க அம்மணி. பொஸ்தகம் பாத்திருக்கேன். தலைப்பெல்லாம் பெரிய எழுத்துல, சுத்தியும் வெள்ளையா எடம் உட்டுப் போட்டிருப்பாங்க இல்லீங்களா? நீங்க எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்தி, எடத்தையெல்லாம் மை ஊத்தி அடச்சுப்போட்டீங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பரவால்லீங்க," என்றார் அவர். "பழைய கேசட்டு இருக்குதில்லீங்களா? அதையே குடுத்துப்போடலாம். இன்னும் அஞ்சு வாரம் இருக்குது."

நான், "இருக்குதுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. வாய் சொல்லிவிட்டது. அவர் படியிறங்கிப் போனபின் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். பதினான்கு பழைய கேசட்டுகள் இன்னும் தொடாமல் இருந்தன. மற்ற இருபத்தாறிலும் என் செலோடேப் மின்னியது.

அன்று மதியம் முழுக்க, அமுக்கியதைத் திரும்ப விரிக்க ஏதாவது வழி உண்டா என்று பார்த்தேன். கம்ப்ரசரின் மின்சுற்றைத் தலைகீழாக மாற்றிப் போட்டேன். இரைச்சல் கொஞ்சம் இறங்கியது. தலைப்பு எழும்பவில்லை. அது அந்த நாடாவில் இல்லவே இல்லை. இல்லாததை எந்தக் கருவியும் தராது. இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

மறுநாள் காலை மில்லுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், மில்லின் பெயரைச் சொல்லி.

"நான் பதிவுக்கூடத்துல இருந்து பேசறேனுங்க. நேத்து நான் சொன்னது..."

"ஒரு நிமிசம் இருங்க அம்மணி." வேறு யாருக்கோ லைன் கொடுத்தார். நூல் லோடு பற்றி யாரோ கத்துவது அரைநொடி கேட்டது. திரும்பி வந்தார். "சொல்லுங்க."

"பழைய கேசட்டு..."

"இருங்க, மேனேஜர் கூப்பிடறார்."

காத்திருந்தேன். வைத்துவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. மூன்றாம் முறை அவர் வந்ததும் ஒரே மூச்சில் சொன்னேன். "பழசு இல்லீங்க. இருபத்தாறையும் அழிச்சுப்போட்டேன். நேத்து உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் இன்னொரு லைனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"தெரியுமுங்க," என்றார். "நேத்து 'இருக்குதுங்க'ன்னு சொன்னப்பவே கொரல் எறங்கிப்போச்சு. நாளெல்லாம் கொரல் கேக்கறதுதானுங்க எனக்கு வேலை."

"அப்புறம் ஏனுங்க ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு நானே கூப்பிட்டிருப்பேன்." பிறகு, "சிஸ்டருகிட்டச் சொல்லியாச்சுங்களா?"

"இல்லீங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லீருங்க. சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு வாரேன்."

விடுதிக்கு நேரில் போனேன். சிஸ்டர் பிள்ளைகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல மடிக்கிற கை நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழறதுக்கு மார்ச்சுக்கு அப்பறம் நெறைய நேரம் இருக்குது கண்ணு," என்றார் அவர். "இப்ப என்ன பண்ணலாம், அதச் சொல்லு."

சாயங்காலம் ஆபரேட்டர் வந்தபோது நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். நான்கு பேரையும் வரச்சொல்லி, இருபத்தாறு மணி நேரத்தையும் மறுபடி வாசிக்க வைப்பது. அவர் தலையாட்டவில்லை.

"அவங்களுக்கும் வேலை வெட்டி இருக்குதுங்க. பாடம் தெளிவாத்தான் இருக்குது. அது கெடக்கட்டும். தலைப்ப மட்டும் திரும்பப் படிச்சாப் போதாதுங்களா? முன்னாடியும் பின்னாடியும் எடம் உட்டு?"

நெருக்கடியில் முதலில் தோன்றுவது, எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பதுதான். செய்த தப்புக்கு அது ஒரு தண்டனைபோல இருப்பதால் மனதுக்கும் பிடிக்கும். ஆனால் என் தண்டனையை மற்றவர்கள் உட்கார்ந்து வாசிக்கவேண்டியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கெட்டது எது, கெடாதது எது என்று அவர்தான் பிரித்துக் காட்டினார்.

முதலாளிக்குச் சென்னைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். பிறகு, அலமாரியில் இருக்கும் தொண்ணூறு நிமிடக் கேசட்டுகளை எடுத்துக்கொள், காலையில் பத்து மணிவரை கூடம் உன்னுடையது என்றார். இடைவெளிகளைச் சேர்த்தால் அறுபது நிமிடத்தில் அடங்காது என்பதை நான் சொல்லாமலே அவர் கண்டுகொண்டிருந்தார்.

முதலில் வந்தவர் ராஜாமணி டீச்சர். நான்கு வாசிப்பாளர்களில் மூத்தவர், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். வரலாறு பெரும்பாலும் அவர் குரல்தான். செலோடேப் ஒட்டிய ஒரு கேசட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணும் படிச்சு முடிச்சதும் நானே கத்தி முனையில இந்தப் பல்ல ஒடச்சு வெச்சேனே. பாக்கலையா?"

"பாத்தேனுங்க டீச்சர்."

"பாத்துமா ஒட்டுன?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். "சரி, ஓட்டு."

வேலை இப்படி நடந்தது. ஒரு டெக்கில் சமப்படுத்திய கேசட் ஓடும். அடுத்த டெக்கில் அது பதிவாகும். புத்தகத்தில் தலைப்பு வரும் இடத்தில் இரண்டையும் நிறுத்துவேன். நான்கு நொடி வெறுமை பதிவேன். டீச்சர் மைக்கில் தலைப்பைச் சத்தமாகப் படிப்பார். மறுபடி நான்கு நொடி. பிறகு பாடம். ஒரு கேசட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதிகாலை ஐந்தரைக்கெல்லாம் டீச்சர் படியேறி வந்துவிடுவார். பவானிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்து வந்து, சிரித்துக்கொண்டே கூரை அதிரப் படித்தார்.

கருமத்தம்பட்டி அம்மா வந்தபோதுதான் சிக்கல். எவ்வளவு முயன்றும் அவரால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது. "எங்கூட்டுல சத்தமாப் பேசியே பழக்கமில்லீங்க. தறிச் சத்தத்துல பேசி என்னாகப் போவுதுன்னு உட்டுட்டேன்," என்றார். டீச்சர் தன் நாற்காலியை மைக்கருகே இழுத்துப்போட்டார். பாடம் அந்த அம்மா குரலில், தலைப்பு டீச்சர் குரலில். மாலையில் அதைக் கேட்டுப் பார்த்த ஆபரேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது பழசவிட நல்லா இருக்குதுங்க. கொரல் மாறுனாலே தலைப்புன்னு தெரிஞ்சுபோகுது."

தொடாமல் இருந்த பதினான்கு கேசட்டுகளுக்குக் கம்ப்ரசரை அவரிடமே கொடுத்தேன். திருகின்மேல் விரல்களை வைத்து மெல்லத் திருப்பினார். கத்துகிற இடம் மட்டும் சற்றுத் தணிகிற இடத்தில் நிறுத்தினார். கால் வட்டம்கூட இல்லை. முள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஒழுங்கற்றிருந்தது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். மூன்று வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், வாசிப்பவர் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பதை அன்றுதான் கேட்டேன். அந்தப் பதினான்கின் மூலத்தையும் தனியே ஒரு பெட்டியில் பூட்டிச் சாவியைச் சிஸ்டரிடம் கொடுத்தேன்.

பதினேழு நாளில் எல்லாம் முடிந்தது. தேர்வுக்குப் பிள்ளைகளிடம் பதினெட்டு நாள் மிச்சமிருந்தது. அந்த மூன்று வாரத் தாமதம் அவர்களுக்கு எவ்வளவு கெடுத்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் அதை ஈடுகட்டிவிட்டதாக ஒருநாளும் நினைத்துக்கொண்டதில்லை.

ஜூன் மாதம் ஆபரேட்டர் வழியாக ஒரு கேசட் வந்தது. பிள்ளைகள் பேசியிருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள் என்றார். நன்றி சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு பையன் ஆரம்பித்தான். "மூணாவது கேசட்டு, ரெண்டாம் பக்கம், நடுவுல கார் ஹாரன் கேக்குதுங்க." அடுத்தவன். "ஒம்பதாவதுல ஒரு பத்தி ரெண்டு தடவ வருதுங்க." இன்னொருவன். "பதினஞ்சாவதுல டீச்சர் இருமறாங்க. அவங்களுக்கு இப்ப ஒடம்பு பரவால்லீங்களா?" அரைமணி நேரம் இப்படியே. ஒவ்வொன்றும் மரியாதையாக, கேசட் எண்ணோடு, பக்கத்தோடு. டீ ஆறிப்போனது. நான் காகிதமெடுத்து எழுதிக்கொண்டே வந்தேன். என் வேலையை அவ்வளவு கவனமாக அதுவரை யாரும் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு பெண் குரல்.

"பொருளாதாரம் ஏழாம் பாடத்துல ரெண்டு தலைப்பு உட்டுப்போச்சுங்க அக்கா. அடுத்த வருசம் படிக்கறவங்களுக்காவது போட்டுக் குடுத்துருங்க. எனக்கு வேண்டாமுங்க. நான் பாஸ்."